ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லாத பக்கம்

போன மாதம் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஊர்த் தேவாலயத்துக்கு மறுபடியும் ஒரு மலர் போடுகிறீர்களாம். அந்தக் காலத்து மொன்றியல் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். ‘இனிமையான நினைவுகள்’ என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். மாடிப்படி ஏறினால் முழங்கால் முறைக்கத் தொடங்கிவிட்ட நமக்கு இந்த வயதில் இனிமையைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இருக்கக் கூடாது போலும். எனக்கு இருக்கிறது. எழுதி அனுப்புகிறேன், அச்சடிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

அந்த நிலவறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வெள்ளைக்காரரின் அங்கிலிக்கன் தேவாலயம். காலையில் அவர்கள் மேலே ஆராதனை முடித்துக்கொண்டு போன பிறகு, பின்னேரத்தில் நாம் கீழே. சப்பாத்துகளில் ஒட்டிய தெருப் பனி உருகி ஓடும் உப்புத் தண்ணீர், ஈரக் கம்பளி மணம், கடைசி மேசையில் மூடி வைத்த இறைச்சி ரோல்ஸ் தட்டு. நம் பெற்றோர் அந்தக் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு, கடலுக்கு அப்பால் தங்கள் தீவில் நிற்கும் இன்னொரு தேவாலயத்தைப் பற்றியே கதைப்பார்கள். நமக்கு அது சலிப்பாக இருந்தது. ரோல்ஸ் எப்போது தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் சொல்வது ஊரில் போர்நிறுத்தம் வந்த அடுத்த குளிர்காலம். எனக்குப் பதினொரு வயது. பாதை திறந்து, ஆட்கள் போய்ப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆமிக்காரர் வருடக்கணக்காக இருந்துவிட்டுப் போன தேவாலயத்தில் கூரை இல்லை, கதவு இல்லை, பீடம் இருந்த இடத்தில் அடுப்புக் கரி. ஆனால் கடல் முருகைக்கல்லால் கட்டிய சுவர்கள் நான்கும் நின்றன. அந்தப் படங்களைப் பார்த்து நிலவறையில் பெரியவர்கள் அழுதார்கள். கூரை போட்டுத் திறப்பது என்றும், திறக்கும்போது ஒரு வரலாற்று மலர் வெளியிடுவது என்றும் அன்றைக்கே முடிவாயிற்று.

மலரை எழுதும் பொறுப்பு நமது சபைச் செயலாளரிடம் போனது. நாம் அவரை ‘மலர் அங்கிள்’ என்று கூப்பிட்டோமே, அவர்தான். அவரைப் பற்றி எழுதுவதால்தான் இதில் ஒருவருடைய பெயரும் வராது. அழகான மனிதர். வெள்ளை மப்ளர், பளபளக்கும் சப்பாத்து, பிள்ளைகளைக்கூட ‘நீர்’ என்று மரியாதையாகக் கதைப்பார். தன் தகப்பன் அந்தத் தேவாலயப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் என்றும், தான் பிறக்க முதலே அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்றும் சொல்வார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். எனக்கு அவர் மேல் அவ்வளவு இரக்கம் வரும்.

வரலாறு எழுத அவருக்கு ஒரு ஆதாரம் வேண்டும். அது எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது.

என் அம்மப்பா, அதாவது அம்மாவின் தகப்பன், அந்தத் தேவாலயத்தில் மணியடித்தவர். கூட்டுவது, விளக்குத் துடைப்பது, ஞானஸ்நானத்துக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைப்பது, செத்தவர்களுக்குக் குழி வெட்டுவது எல்லாம் அவரே. ஊரே வள்ளத்தில் ஏறி ஓடிய நாளில், ஆட்கள் நகையையும் காணி உறுதியையும் தூக்கியபோது, அவர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டை உரப்பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனாராம். பிறகு அம்மா என்னையும் கொண்டு இங்கே வரும்போது அதை அம்மாவின் சூட்கேசின் அடியில் வைத்துவிட்டார். “கொண்டு போ. அங்கை ஷெல் விழாது” என்றாராம். அவர் மட்டும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தங்கிவிட்டார்.

அந்தப் பதிவேடு எனக்குத் தோழி மாதிரி. அப்பா ரொறன்ரோவில் வேலை, இரண்டு கிழமைக்கொருமுறை வருவார். அம்மா தையல் தொழிற்சாலையில். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சுவர்ச் சூடேற்றி உஸ் உஸ் என்று மூச்சு விடும் மூலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். தோல் அட்டை, பூச்சி உருண்டை மணம், அதற்கு அடியில் கொஞ்சம் புகை மணம். சரிந்த ஆங்கில எழுத்து. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், தகப்பனின் தொழில், தண்ணீர் தெளித்த போதகரின் கையொப்பம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அம்மாவுக்கு அந்த எழுத்து ஓடாது, எனக்கு ஓடும். அதில் எனக்கு ஒரு பெருமை.

மலரில் வராத வரலாறு எல்லாம் அதில் இருந்தது. முதல் போதகர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீமையில் காசு அனுப்பிய கனவான்களின் பெயரையே வைத்திருக்கிறார். ஒரு பனையேறியின் மகனுக்கு இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் முழுப்பெயர். ஒரே சீமாட்டியின் பெயரில் மூன்று பெண்பிள்ளைகள். அவ அனுப்பிய காசு மற்றவர்களைவிடக் கூட என்று நினைக்கிறேன். வாந்திபேதி வந்த வருடம் ஒரே நாளில் பதினொரு பேருக்கு ஞானஸ்நானம், பக்கத்தில் பதினொரு சின்னச் சிலுவை. அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசிப் பக்கங்கள் நம் பெற்றோரின் காலம். சின்ன ஊர், ஒரு பக்கத்தில் எட்டுப் பேர், ஒரு பக்கம் நிரம்ப ஐந்தாறு வருடம் எடுத்தது. அதில் ஒன்றில் அம்மாவின் பெயர். தகப்பன் என்ற கட்டத்தில் அம்மப்பாவின் பெயர். தொழில், தேவாலயப் பணியாள்.

அந்தப் பக்கத்துக்கு அம்மா ஒரு ரிப்பன் வைத்திருந்தார். அம்மப்பாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணப் போகிறோம், அவர்தான் அம்மாவின் தகப்பன் என்று காட்டப் பிறப்புப் பத்திரம் வேண்டும். ஊரில் அந்தப் பத்திரங்கள் இருந்த கந்தோரே எரிந்து போயிருந்தது. இமிக்கிரேசனுக்குக் காட்ட உலகத்தில் இருந்த ஒரே கடதாசி அந்தப் பக்கம்தான்.

“இது வெறும் தாள் இல்லையடி, உன்ரை அம்மப்பான்ரை விசா. வீட்டை விட்டு வெளியிலை போகக் கூடாது. விளங்கிச்சோ?” என்பார்.

“ஓமம்மா” என்பேன்.

மலர் அங்கிள் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். அம்மா தேநீர் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போவார். நான் வாசிக்க வாசிக்க அங்கிள் கொப்பியில் எழுதுவார். “நீர் பெரிய கெட்டிக்காரி. மலரிலை உம்மடை பேரும் வரும். ஒரு பக்கம் நீரே எழுதலாம்” என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கிழமை முழுவதும் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் அந்த ஒரு பக்கத்தை எழுதி எழுதி அழித்தேன்.

நான்காவது சனிக்கிழமை ரிப்பன் வைத்த பக்கத்துக்கு வந்தோம். அம்மாவின் பெயரை வாசித்தேன். அதற்கு மூன்று கட்டம் மேலே ஒரு பெயர்.

“அங்கிள், இது நீங்களெல்லோ!” என்று துள்ளினேன். “உங்கடை அம்மாவின்ரை பேர் இருக்கு. போதகர் பங்களாவிலை சமையல் எண்டு போட்டிருக்கு. அப்பாவின்ரை பேர்…”

அந்தக் கட்டத்தில் பெயர் இல்லை. பேனாவால் இழுத்த ஒரு கோடு மட்டும்.

“அப்பான்ரை பேர் எழுத மறந்திட்டினம் அங்கிள்” என்றேன்.

அங்கிள் பேனாவை மூடினார். “அடுத்த பக்கத்துக்குப் போம்” என்றார். அடுத்த பக்கம் முழுவதையும் நான் வாசித்தேன், அவர் ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கு அது விசித்திரமாகக்கூடப் படவில்லை.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அங்கிள் கதவு தட்டினார். அம்மா வேலையில்.

“பிள்ளை, அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாரும். படம் எடுக்க வேணும். அம்மாவிட்டை நான் சொல்லிட்டன், அவ ஓமெண்டிட்டா.”

சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரியவர், அதுவும் மலர் அங்கிள், பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பனி படக் கூடாதென்று நானே இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டும் கொடுத்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அம்மா வந்து கேள்விப்பட்டதும் முகம் கறுத்தது. போன் எடுத்தார். அங்கிள் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். ஒரு கிழமையில் தானே கொண்டுவந்து கொடுத்தார், புத்தகத்துக்குப் புதுப் பிரவுன் பேப்பர் உறை போட்டு. அம்மா அதைத் திறந்து பார்க்காமலே அலுமாரியில் வைத்தார். அவரும் நம்பினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்பொன்சர் படிவம் நிரப்ப வேண்டிய நாளில் அம்மா பதிவேட்டைத் திறந்தார். ரிப்பன் இருந்தது, பக்கம் இல்லை.

அம்மா எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதல் அடி முதுகில் விழுந்தது. “எந்த நேரமும் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தனி நீதானே! எங்கையடி அது? படம் கீறக் கிழிச்சனியோ?”

“நான் இல்லையம்மா! அங்கிள் கொண்டுபோகேக்கை இருந்தது!”

“அவர் ஏன் கிழிக்கிறார்? மலர் எழுதுற மனிசன் ஏன் கிழிக்கிறார்?”

“அந்தப் பக்கத்திலை அவரின்ரை பேரும் இருந்ததம்மா. அவரின்ரை அப்பான்ரை பேர் இருக்கேல்லை. கோடு மட்டும்தான் போட்டிருந்தது.”

அம்மாவின் கை ஓங்கியபடி அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னதன் பாரம் எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்காத விஷயம் அது.

“இதை வேறை ஆருக்கும் சொன்னியோ?”

“இல்லை.”

“சொல்லக் கூடாது. சத்தியமாச் சொல்லக் கூடாது.”

அடுத்த நாள் பின்னேரம் அங்கிள் வந்தார். நான் அறைக்குள் இருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. அம்மா அவரைத் திட்டுவார், பக்கத்தைத் தா என்று கேட்பார், என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வைப்பார் என்று இருந்தேன். அம்மா தேநீர் கொடுத்தார்.

“பக்கம் இல்லாமல் போச்சுது, அண்ணை. அப்பாவைக் கூப்பிட வேறை வழியில்லை” என்றார். அவ்வளவுதான்.

பிறகு அங்கிள் தொண்டையைச் செருமினார். “நான் ஒரு கடிதம் எழுதி, போதகரிட்டைக் கையெழுத்து வாங்கித் தாறன் தங்கச்சி. பதிவேட்டை நான் கண்ணாலை பாத்தனான், இன்னார்தான் தகப்பன் எண்டு. சபை முத்திரை குத்தினால் அவங்கள் எடுப்பாங்கள். ஆனா பக்கத்துக்கு என்ன நடந்தது எண்டு கேப்பாங்கள்.”

அம்மா மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்தார்.

“சின்னப்பிள்ளை தெரியாமல் கிழிச்சுப் போட்டுது எண்டு எழுதலாம்” என்றார் அங்கிள். பிறகு குரலை இன்னும் மெதுவாக்கி, “பிள்ளையள்தானே தங்கச்சி. விடுங்கோ. அடிக்காதேங்கோ” என்றார்.

அந்தப் பக்கத்தைத் தானே எடுத்தவர் எனக்காக மன்னிப்புக் கேட்டார். அம்மா “ஓம்” என்றார்.

இப்போது எனக்கு அம்மாவின் கணக்கு விளங்குகிறது. உண்மையைச் சொன்னால் அங்கிளின் மானம் போகும், கடிதம் வராது, அம்மப்பா அந்த லொட்ஜ் அறையிலேயே கிடந்து சாவார். என்னைச் சொன்னால் ஒன்றும் ஆகாது, பதினொரு வயதுப் பிள்ளையை யார் என்ன செய்யப் போகிறார்கள்? ஊர்த் தேவாலயத்தில் பின்னால் பாயில் இருத்தப்பட்ட சாதி எங்களுடையது, முன்னால் வாங்குப் பலகையில் இருந்த அங்கிளின் ஆட்களோடு வாய் காட்டிப் பழக்கமும் அம்மாவுக்கு இல்லை. எல்லாம் விளங்குகிறது. விளங்கினால் கோபம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நிலவறை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுப் புத்தகங்கள் பங்கிடும் வேலை என்னிடமிருந்து போயிற்று. “கிழிச்சவள் வாறாள், ஒளியுங்கோ” என்று நீங்கள் சிரித்தீர்கள். ஆம், நீங்கள்தான், இந்த மலர்க் குழுவில் இருக்கும் மூன்று பேருமே. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

பக்கம் போன விதத்தைச் சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுக்க மெற்றோ எடுத்துப் போனோம். ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் கந்தோர், படியெல்லாம் வெண்ணெய் மணம். மீசை வைத்த, நல்ல முகமுள்ள வெள்ளைக்காரர் ஒருவர் சத்தியம் வாங்கக் காத்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சு, அம்மாவுக்குத் தமிழ், நடுவில் நான். நம் எல்லோருக்கும் பழகிய வேலைதானே. வங்கி, வைத்தியர், வீட்டுக்காரன் என்று எங்கே போனாலும் தாய் தகப்பனின் வாய் நாம்தான்.

மேசையில் பைபிள் இருந்தது. வேண்டுமென்றால் அதில் கை வைக்கலாம் என்றார். அம்மா வைத்தார். அந்த நிமிடம் வரை எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒவ்வொரு நாளும் முழங்காலில் நின்று செபம் பண்ணும் என் அம்மா, வேதப் புத்தகத்தில் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டார்.

“என்ரை மகள் கிழிச்சது எண்டு சொல்லு” என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

நான் சொன்னேன். பிரெஞ்சில், இலக்கணப் பிழை இல்லாமல், “மா ஃபீய்” என்று. என் மகள் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள்.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அது நீயா?”

“உய்” என்றேன், ஆம் என்று.

“பா கிராவ்” என்று சிரித்தார், பரவாயில்லையாம். மேசை லாச்சியிலிருந்து ஒரு டொபி எடுத்துத் தந்தார். “மெர்சி” சொல்லி வாங்கிக்கொண்டேன். படியிறங்கும்போது அம்மா என் கையைப் பிடிக்க வந்தார். நான் டொபியை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

வசந்தத்தில் மலர் வந்தது. பளபளக்கும் தாள், அட்டையில் முருகைக்கல் சுவர். என் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ‘போரினாலும் கவனயீனத்தாலும் பதிவேட்டின் சில பகுதிகள் அழிந்துபோயின’ என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதி வைத்திருந்த என்னுடைய பக்கத்தை நான் உண்மையாகவே கிழித்தேன். என் வாழ்க்கையில் நான் கிழித்த ஒரே பக்கம் அது.

மலர் அங்கிள் இப்போது இல்லை. செத்தவரை ஏன் இழுக்கிறாய் என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். அந்தக் கோட்டில் எந்த வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியவன் அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதக் கொடுக்காதவன்தான். அங்கிள் என்னிடம் வந்து, “இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்” என்று கேட்டிருந்தால், சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை.

கடிதம் வேலை செய்தது. இரண்டு வருடம் எடுத்தது, ஆனால் அம்மப்பா வந்தார். அம்மா விமான நிலையத்தில் நிலத்திலேயே உட்கார்ந்து அழுதார். நான் அவரது சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எண்ணெய் பூசிய தலை, பெரிய காது, மற்றவர்களின் பழைய ஜாக்கெட். என்னை “ராசாத்தி” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பதிவேட்டைக் கேட்டார். குசினி மேசையில் வைத்துப் பிரவுன் உறையைக் கழற்றினார். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் பக்கங்களை விரலால் அறிந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். அந்த இடத்தில் விரல் நின்றது. தைத்த நூலோரம் மெல்லிய ஒரு துண்டுத் தாள், நேராக, அடிமட்டம் வைத்துக் கோடிட்டதுபோல.

“கிழிச்சதெண்டல்லோ சொன்னனியள்” என்றார். “இது பிளேட்டாலை வெட்டினது.”

அம்மா தேநீர்க் கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“எந்த வருசத்துப் பக்கம் இது?”

“நான் பிறந்த வருசமப்பா.”

அம்மப்பா கண்ணை மூடினார். அந்தப் பக்கத்து எட்டுப் பேருக்கும் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தவர் அவர். யார் யாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியாதா? கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது.

“நான் இல்லை அம்மப்பா” என்றேன்.

“தெரியும் ராசாத்தி” என்றார். பதிவேட்டை மூடி, உறையைத் திரும்பவும் போட்டார். “ஆனா அவன்ரை கடிதத்திலைதானே நான் வந்தனான். நீ கிழிச்சதாவே இருக்கட்டும்.”

அம்மா மூன்று கோப்பைத் தேநீரையும் மேசையில் வைத்தார். என்னுடையதில் சீனி வழக்கத்தைவிடக் கூடப் போட்டிருந்தார்.